ஒரு வீடு ரெண்டு வீடு வாடகைக்கு விடறவங்களுக்கு, மலேசியா பினாங்குலேருந்து

எங்கிட்ட இருக்கறது ரெண்டே வீடு. ஒண்ணு ரெலாவ்ல மூணு ரூம் அப்பார்ட்மென்ட், இன்னொண்ணு குளுகோர்ல பழைய டெரஸ் வீடு, அத ரூம் ரூமா யூஎஸ்எம் யுனிவர்சிட்டில படிக்கற பிள்ளைங்களுக்கும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில வேலை செய்யறவங்களுக்கும் விட்டிருக்கேன். பதினஞ்சு வருஷம் ஓடிருச்சு. பேங்க் லோன், மெயின்டனன்ஸ், சுக்காய் பிந்து (வீட்டு வரி) எல்லாம் போக கையில நிக்கறது பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ தான் ஒரு ஆளோட மூஞ்சியப் பாக்க முடியாத மாதிரி பிரிஞ்சிருக்கோம், அந்தக் கதைய பின்னாடி சொல்றேன். அக்கா மவன் போன மாசம் முதல் வீடு வாங்கிட்டு "மாமா, நல்ல டெனன்ட எப்படி புடிக்கறது"ன்னு கேட்டான். எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க, நாம நல்ல வீட்டுக்காரனா எப்படி இருக்கறதுன்னு எவனும் கேக்க மாட்டேங்கறான் லா. ரெண்டுக்கும் வேலை ஒண்ணு தான், அதுல முக்காவாசிய சாவி குடுக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். முன்னாடி கறாரா பேசிட்டா பின்னாடி நிம்மதியா, மரியாதையா இருக்கலாம், முன்னாடி வழவழன்னு விட்டா ஆறாவது மாசம் வாட்சாப்ல சண்ட தான்.

முதல்ல யாருக்கு விடறதுங்கற விஷயம். 2006ல கல்யாணம் ஆன புதுசுல வாடகைக்கு வீடு தேடி ஒரு இருபது நம்பருக்காவது அடிச்சிருப்பேன். ஃபோன எடுத்த ஒடனே முதல் கேள்வி "யூ வாட் ரேஸ்?" தான், இந்தியன்னு சொன்னா "அய்யோ சாரி, இப்பத்தான் ஆள் கெடச்சிருச்சு". ஒரு ஏஜென்ட் மட்டும் நேராவே "ஓனருக்கு கறி வாசன ஆகாது பிரதர்"னு சொன்னான், அவன் மேல கூட எனக்கு அவ்வளவு கோவம் வரல, பொய் சொல்லலையே. சரி, இதெல்லாம் பட்டவன் நான், என் சொந்த வீட்ட வாடகைக்கு போட்டப்ப முதல்ல ஃபோன் பண்ணது ரெண்டு நேப்பாளி செக்யூரிட்டி கார்டுங்க, என் வாய்லேருந்து என்னா வந்துச்சுன்னு நெனக்கறீங்க, "அய்யோ சாரி தம்பி, ஆள் கெடச்சிருச்சு". ஃபோன வெச்சதுக்கு அப்பறம் தான் ஒறச்சுச்சு. நம்ம ஆளுங்கள்லயே "நம்ம ஆளுக்கு மட்டும் குடுத்துடாத, வாடக வராது"ன்னு சொல்றவங்க இருக்காங்க, இன்னொரு கூட்டம் "ஊர்ல பூர்வீகம் எங்க, எந்தப் பக்கம்"னு சுத்தி வளச்சு ஜாதி கண்டுபுடிக்கும். நம்மள கதவுக்கு வெளிய நிக்க வெச்சப்ப வலிச்சுது தானே.

அதுக்கப்பறம் நான் ஒரு வழி வெச்சுக்கிட்டேன். யார் ஃபோன் பண்ணாலும் அதே கேள்வி, அதே வரிசைல, ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்: எத்தன பேரு, எப்ப வரணும், எவ்வளவு நாள் இருப்பீங்க, என்ன வேலை, கடைசி ரெண்டு மாச பேஸ்லிப் காட்ட முடியுமா. வாடக, வீட்டு வருமானத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போனா நானே "இது உங்களுக்கு டைட்டா இருக்கும்"னு சொல்லிடுவேன், அது நான் போட்டுக்கிட்ட கணக்கு, சட்டம் இல்ல. இதுக்கெல்லாம் சரியா வர்ற முதல் ஆளுக்கு வீடு, அவ்வளவு தான், யாரு, என்ன, எந்த சாமின்னு கேள்வியே இல்ல. படிக்கற பிள்ளைன்னா பேஸ்லிப் இருக்காது, அப்பா இல்ல அம்மா கேரன்டியா கையெழுத்து போட்டா போதும். ஐசி (அடையாள அட்டை) காப்பி வாங்கினா அது மேல குறுக்கால "வாடகை அக்ரிமென்டுக்கு மட்டும்"னு அவங்களயே எழுதச் சொல்லுங்க, காப்பி எங்க போகுமோன்னு அவங்களுக்கும் பயம் இருக்கும்ல.

வெளிநாட்டுக்காரங்கன்னா பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் பாத்து தேதி முடியற நாள குறிச்சு வெச்சுக்கங்க, பெர்மிட் இல்லாத ஆளுக்கு வீடு குடுத்தா குடிநுழைவுச் சட்டத்துல வீட்டுக்காரனையும் புடிப்பாங்க. ஆனா காப்பி மட்டும் தான். ஒரிஜினல் பாஸ்போர்ட்ட "சேஃப்டிக்கு"ன்னு வாங்கி வெச்சுக்கறது குத்தம், செய்யவே செய்யாதீங்க. கொம்பெனி ஒண்ணு வந்து தொழிலாளிங்களுக்காக வீடு எடுக்குதுன்னா தொழிலாளர் தங்குமிடத்துக்கான 446 சட்டம் வரும், அந்த முதலாளி தொழிலாளர் இலாகால தங்குமிட சர்ட்டிஃபிகேட் எடுக்கணும், சாதாரண வீடுன்னா தூங்கற எடத்துல ஒரு ஆளுக்கு 3.6 சதுர மீட்டராவது இருக்கணும். மூணு ரூம் வீட்டுல பதினெட்டு பேரப் போட்டு நல்ல காசு பாக்கலாம்னு எனக்கும் ஒருத்தர் வந்து ஐடியா குடுத்தாரு. ஹால ப்ளைவுட் வெச்சு தடுத்து ரூம் ஆக்கறதும் இந்த ரகம் தான், நெருப்பு புடிச்சா எந்தப் பக்கம் ஓடுவாங்க.

அடுத்தது டெபாசிட். இங்க வழக்கம் என்னான்னா ரெண்டு மாசம் செக்யூரிட்டி, அர மாசம் கரண்ட் தண்ணிக்கு, ஒரு மாசம் முன் வாடக. 1,300 வெள்ளி (ரிங்கிட்) வாடகைன்னா சாவி வாங்கற அன்னிக்கே 4,550 வெள்ளி எடுத்து வெக்கணும், ஃபேக்டரில ஷிஃப்ட் பாக்கற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காசுன்னு யோசிச்சுப் பாருங்க. நான் கேட்டா செக்யூரிட்டில ஒரு மாசத்த மூணு தவணையா வாங்கிக்கறேன், அதையும் அக்ரிமென்ட்ல எழுதிடறேன். வாங்கின டெபாசிட்ட தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல போட்டு மறந்துடுங்க. அது நம்ம காசு இல்ல. இந்த ஊர்ல டெபாசிட் திரும்ப வராத கதைல பாதி வீட்டுக்காரன் கெட்டவன்னு இல்ல, அவன் அத எடுத்து காருக்கு கட்டிட்டான், குடுக்கற நேரத்துல கையில இல்ல, அதனால செவுத்துல கறைய தேட ஆரம்பிக்கறான்.

அக்ரிமென்ட். வாடகைக்குன்னே தனியா ஒரு சட்டம், நான் இத எழுதற வரைக்கும், நம்ம நாட்டுல வரல, வரப்போகுதுன்னு பேச்சு மட்டும் பல வருஷமா ஓடுது. அதனால தகராறுன்னு வந்தா அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதுவும் 1950ம் வருஷ ஒப்பந்தச் சட்டமும் தான் பேசும். சொந்தக்காரங்களுக்கு விட்டாலும் எழுதுங்க, சொந்தக்காரங்கன்னா கண்டிப்பா எழுதுங்க, சித்தப்பா மவனுக்கு வாய் வார்த்தைல ரூம் விட்டு தீபாவளிக்கு போற வீட்டுல ஒண்ணு கொறஞ்சு போச்சு எனக்கு. நெட்ல கெடைக்கற அக்ரிமென்ட் முழுக்க வீட்டுக்காரன் பக்கமே சாஞ்சிருக்கும், டெனன்ட் முன்னாடியே போனா என்ன ஆகும்னு ஒரு பக்கம் இருக்கும், வீட்டுக்காரன் வீட்ட விக்கறேன்னா என்ன ஆகும்னு ஒரு வரி இருக்காது. நான் ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு மாச நோட்டீஸ்னு போடுவேன். கையெழுத்துக்கு மூணு நாள் முன்னாடியே காப்பிய குடுத்து படிக்கச் சொல்லுங்க, இங்கிலீஷ் வராதவங்களுக்கு மாமாக் கடைல, நம்ம டீக்கடை தான், ஒரு தே தாரேக்க (ஆத்தின டீ) வெச்சுக்கிட்டு பக்கம் பக்கமா சொல்லிடுங்க, அர மணி நேரம் தான்.

கையெழுத்து ஆன 30 நாளுக்குள்ள ஹசில்ல (வருமான வரி வாரியம்) ஸ்டாம்ப் பண்ணணும். முன்னாடி வருஷ வாடகைல முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்துச்சு, 2025 ஜனவரிலேருந்து அது இல்ல. இப்ப கணக்கு: வருஷ வாடகைல ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஒரு வருஷம் வரைக்கும் அக்ரிமென்ட்னா 1 வெள்ளி, ஒரு வருஷத்துக்கு மேல மூணு வருஷம் வரைக்கும் 3 வெள்ளி. 1,300 வாடகைன்னா வருஷத்துக்கு 15,600, அப்ப ஒரு வருஷ அக்ரிமென்டுக்கு 63 வெள்ளி, டெனன்ட் கையில இருக்கற காப்பிக்கு இன்னொரு 10. இந்தக் காசுக்கு சோம்பேறித்தனம் பட்டு விட்டுட்டா அந்த அக்ரிமென்ட கோர்ட்ல ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க, அபராதத்தோட கட்டினா தான். வருமான வரிக்கும் இப்பவே ஃபைல் போட்டுக்கங்க, லோன் வட்டி, சுக்காய் பிந்து, ஃபயர் இன்சூரன்ஸ், ரிப்பேர் ரசீது எல்லாம் வாடக வருமானத்துலேருந்து கழிக்கலாம், லோனோட அசலக் கழிக்க முடியாது, முதல் டெனன்ட்ட புடிக்க ஏஜென்டுக்கு குடுத்ததயும் முடியாது.

சாவி குடுக்கற அன்னிக்கு அவசரப்படாதீங்க. ரெண்டு பேரும் சேந்து வீட்ட ஒரு சுத்து சுத்தி வீடியோ எடுங்க, ஃபோன் அவங்க கையில இருக்கட்டும், அவங்க எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும், ரெண்டு பேர் ஃபோன்லயும் அதே வீடியோ. ஒவ்வொரு பைப்பையும் தொறந்து, டாய்லெட் ஃப்ளஷ் பண்ணி, ஏர்கோன் பத்து நிமிஷம் ஓட விட்டு, சிங்க்கு அடியில கைய வெச்சுப் பாத்து, மீட்டர் ரீடிங்க ஃபோட்டோ எடுத்து. தண்ணி ஹீட்டருக்கு தனியா 10 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னு வயர்மேன விட்டு பாத்துடுங்க, பழைய வீட்டுல பெரும்பாலும் இருக்காது, கரண்ட் அடிச்சு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பறம் எந்த அக்ரிமென்டும் தூங்க விடாது. பூட்டு சிலிண்டர மாத்திடுங்க, பழைய டெனன்ட்கிட்ட எத்தன சாவி இருந்துச்சோ யாருக்கு தெரியும்.

வாடக எந்தத் தேதிக்கு? எல்லாரும் ஒண்ணாந்தேதின்னு போடுவாங்க. ஆனா வேலைச் சட்டப்படி மாசம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள சம்பளம் குடுத்தா போதும், ஏழாந்தேதி சம்பளம் வாங்கறவன்கிட்ட ஒண்ணாந்தேதி வாடக கேட்டா அவன் மாசா மாசம் லேட் தான், அவன் தப்பே இல்லாம. சம்பளத் தேதிய கேட்டு அதுக்கு மறுநாள வாடகத் தேதியா போடுங்க, லேட் பிரச்சனைல பாதி தன்னால போயிரும். கேஷா குடுத்தா ஒடனே ரசீது.

இப்ப அந்தக் கதை. ரெலாவ் வீட்டுல ஒரு அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும் இருந்தாங்க, ரெண்டு வருஷம் தேதி தவறாம கட்டினாங்க. ஒரு மாசம் வரல. ஃபேக்டரில ஓவர்டைம் நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், பாவம், நாமளும் கஷ்டப்பட்டவன் தானேன்னு எதுவும் கேக்காம விட்டேன். ரெண்டாவது மாசமும் அப்படியே. நான் பேசல, அவங்களும் பேசல, லிஃப்ட்ல பாத்தா ரெண்டு பேரும் வேற பக்கம் பாக்கறது. நாலாவது மாசம் பேங்க்லேருந்து எனக்கு லெட்டர் வந்து, அந்தக் கோவத்துல ஒரு நீளமான மெசேஜ் போட்டேன், மொத்தமா 4,800 வெள்ளி, பத்து நாள்ல வேணும்னு. மூணாவது நாள் ராத்திரி வீட்ட காலி பண்ணிட்டு போயிட்டாங்க, சாவிய லெட்டர் பெட்டில போட்டுட்டு. வீட்ட நல்லா கூட்டி தொடச்சிட்டுத் தான் போயிருக்காங்க, அத நெனச்சா இன்னும் ஒரு மாதிரி இருக்கு. நான் இரக்கம்னு நெனச்சுக்கிட்டு இருந்தது வெறும் வாய மூடிக்கிட்டு இருந்தது தான். முதல் மாசம் மூணாவது நாளே "அக்கா, இந்த மாசம் ஏதாவது கஷ்டமா, எவ்வளவு முடியும்"னு கேட்டிருந்தா 600 குடுத்திருப்பாங்க, மிச்சத்த மாசம் 150ன்னு எழுதியிருக்கலாம், நாலு மாசக் கடன் மலையா சேந்திருக்காது.

அதனால இப்ப மூணாவது நாள் நான் ஃபோன் பண்ணிடுவேன், மெசேஜ் இல்ல, ஃபோன். பேசி முடிச்சத வாட்சாப்ல நாலு வரியா எழுதி "சரிதானே"ன்னு கேப்பேன். ரெண்டு மாசம் முழுசா நின்னுச்சுன்னா உக்காந்து பேசுவோம், சின்ன எடமா மாறணும்னா தேட நானும் உதவி பண்றேன், டெபாசிட்ட எப்படி கழிக்கறதுன்னு அன்னிக்கே கணக்கு.

எவ்வளவு கோவம் வந்தாலும் செய்யக்கூடாதது ஒண்ணு இருக்கு. பூட்ட மாத்தறது, சாமான தூக்கி வெளிய போடறது. 1950ம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 7(2) என்ன சொல்லுதுன்னா, வாடகக் காலம் முடிஞ்சும் ஆள் உள்ள இருந்தா கோர்ட் வழியா மட்டும் தான் வீட்ட திரும்ப எடுக்கலாம். தண்ணி கரண்ட கட் பண்றதும் கோர்ட்ட தாண்டிப் போற அதே குறுக்கு வழி தான், நாளைக்கு அவங்க உங்க மேலயே கேஸ் போடலாம். "என் வீடு, என் பூட்டு"ங்கறது மாமாக் கடைல பேச நல்லா இருக்கும். வாடக பாக்கிக்கு டிஸ்ட்ரெஸ் ஆர்டர்னு ஒண்ணு உண்டு, 1951ம் வருஷத்துச் சட்டம், கோர்ட் மூலமா 12 மாச பாக்கி வரைக்கும் சாமான ஜப்தி பண்ணலாம், நான் போனதில்ல, போகவும் ஆசையில்ல. 5,000 வெள்ளிக்குள்ளன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல ஸ்மால் க்ளெய்ம் போடலாம், லாயர் தேவையில்ல. டெபாசிட் வராத டெனன்டும் உங்க மேல அதே வழில போடலாம், இத நான் அக்ரிமென்ட் அன்னிக்கே அவங்களுக்கு சொல்லி வெச்சுடுவேன், பொண்டாட்டி தலைல அடிச்சுக்குவா.

ரிப்பேர்ல யாரு எதக் கட்டறதுன்னு எழுதி வெச்சா போதும். பல்பு, ஏர்கோன் சர்வீஸ் அவங்க, கம்ப்ரசர், பைப், வயரிங், கூரை நாம. மேல் வீட்டுலேருந்து ஒழுகினா டெனன்ட்ட ஓட விடாதீங்க, வீட்டுக்காரன் நீங்க தான் மேனேஜ்மென்ட்டுக்கு நோட்டீஸ் குடுக்கணும், ஏழு நாளுக்குள்ள அவங்க வந்து பாக்கணும்னு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) விதில இருக்கு, வேற காரணம்னு நிரூபிக்காத வரைக்கும் மேல் வீட்டு ஒழுகல்னு தான் எடுத்துக்குவாங்க. மெயின்டனன்ஸும் சிங்க்கிங் ஃபண்டும் (பெரிய ரிப்பேருக்கு சேக்கற காசு) உங்க கடன், நீங்க கட்டாம விட்டு டெனன்ட்டோட ஆக்சஸ் கார்ட முடக்கினா அந்தக் கேவலம் உங்களோடது.

ரூம் ரூமா விடறவங்க கரண்ட்ல காசு பாக்காதீங்க. ரூமுக்கு சின்ன மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு டிஎன்பி (கரண்ட் கம்பெனி) போடறத விட ரெண்டு மடங்கு வாங்கறவங்கள பாத்திருக்கேன், பிள்ளைங்க வேர்த்துக்கிட்டு படிக்குதுங்க. பில்லு மொத்தத்த மொத்த யூனிட்டால வகுத்து, வர்றத ரூம் மீட்டர் யூனிட்டால பெருக்கி, பில்லோட ஃபோட்டோவ குரூப்ல போட்டுடுங்க. அப்பறம், டூப்ளிகேட் சாவி நம்மகிட்ட இருக்குன்னு சொல்லாம கொள்ளாம நுழையாதீங்க. என் மாமனார் ஒரு தடவ ஃபேன் பாக்கறேன்னு தொறந்து போயிட்டாரு, உள்ள ஒரு பொம்பளப் பிள்ள குளிச்சுட்டு வந்து நிக்குது. அது கத்தினதும் இவரு ஓடினதும். இப்ப 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ், பதில் வந்தா தான் போறது, பைப் ஒடஞ்சு தண்ணி ஓடினா மட்டும் வேற.

வாடக ஏத்தறது பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும். எங்க அம்மா வளந்தது லெபோ பாசார் பக்கம் கடை வீட்டு மாடில. 1948 ஜனவரி முடியறதுக்கு முன்னாடி கட்டின கட்டடம், அதனால 1966ம் வருஷ வாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள்ள வந்துச்சு, வீட்டுக்காரன் நெனச்ச மாதிரி வாடகைய ஏத்த முடியாது. கேக்க நல்லா இருக்கும், ஆனா ஓட்டுக் கூரை ஒழுகும், அவன் ஓடு மாத்த மாட்டான், வர்ற காசுல ஓடு வாங்கக் கூட முடியாதுன்னுவான், அதுவும் உண்ம தான். 1997ல அந்தச் சட்டத்த எடுத்தாங்க, 1999 கடைசி வரைக்கும் டைம் குடுத்தாங்க, 2000 பொறந்ததும் ஜார்ஜ்டவுன்ல பல பேரு மூட்ட கட்டினாங்க, எங்க குடும்பம் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டுக்கு போச்சு. 2008ல யுனெஸ்கோ வந்து உலகப் பாரம்பரியம்னு போர்டு வெச்சப்ப அம்மா "நாங்க இருந்தப்ப வந்திருக்கலாம்"னாங்க. ரொம்ப வருஷம் ஏத்தாம வெச்சிருந்து ஒரே அடியா ஏத்தினது தான் அந்தக் குடும்பங்கள ஒடச்சுது. அதனால நான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, புது அக்ரிமென்ட் போடறப்ப மட்டும், 50 வெள்ளி அளவுல, ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி, மெயின்டனன்ஸ் எவ்வளவு ஏறிச்சு, சுக்காய் எவ்வளவுன்னு காட்டிட்டு ஏத்தறேன். அக்கம்பக்கத்து ரேட்ட விட 100 வெள்ளி கம்மியா தான் இருக்கும். வீடு ஒரு மாசம் காலியா கெடந்தா போற காசு அத விட ஜாஸ்தி, அதுக்கு மேல பெயின்டு, ஏஜென்ட் காசு.

போற நாள்ல அந்தப் பழைய வீடியோவ எடுத்து ரெண்டு பேரும் மறுபடி சுத்துங்க. பழசாகறது வேற, ஒடைக்கறது வேற. பெயின்ட் அடிக்க 900 வெள்ளி ஆகும், பெயின்ட் ஒரு நாலு வருஷம் தாங்கும்னு வெச்சுக்குவோம், டெனன்ட் மூணு வருஷம் இருந்திருந்தா, செவுத்த நாசம் பண்ணியிருந்தாலும் கூட, மிச்சம் ஒரு வருஷத்துக்கான 225 தான் கேக்கலாம், 900 இல்ல. ஆணி ஓட்ட, சாமி படம் மாட்டின எடத்துல கொஞ்சம் புகை, சோபா காலு வெச்ச தடம், இதுக்கெல்லாம் காசு கேக்காதீங்க, ஆள் வாழ்ந்தா தடம் இருக்கத்தான் செய்யும். கழிக்கறதுக்கு எல்லாம் ரசீது காட்டணும். நான் கடைசி டிஎன்பி பில்லுக்கும் பிபிஏ தண்ணி பில்லுக்கும் 200 வெள்ளி மட்டும் புடிச்சுக்கிட்டு மிச்சத்த சாவி வாங்கின அன்னிக்கே டூயிட் நவ்ல (ஒடனே போற பேங்க் டிரான்ஸ்ஃபர்) போட்டுடறேன், பில் வந்ததும் பதினாலு நாளுக்குள்ள அந்த மிச்சமும் போயிரும்.

போனவங்க நம்பர அழிச்சிடாதீங்க. மூணு வருஷம் கழிச்சும் அவங்க பேருக்கு லெட்டர் வரும், பிடிபிடிஎன் படிப்புக் கடன், ரோட் டேக்ஸ், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்னு. புது டெனன்ட்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், வந்தா தூக்கிப் போடாம ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாங்க, நான் பழைய ஆளுக்கு தட்டி விட்டுடுவேன். ரெலாவ் வீட்டுல இருந்த அந்த அம்மா பேருக்கும் ஒரு தடவ பள்ளிக்கூட லெட்டர் வந்துச்சு, அனுப்பினேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் வரல.